எதிர்க்கரைக்கு வந்த அமெரிக்கர்கள்

பாக்கு நீரிணையின் இரு கரைகள் – பகுதி 11

சென்ற பகுதியை மணமேல்குடியில் பிறந்த குலச்சிறையாரோடு நிறுத்தியிருந்தோம். நெடுமாற பாண்டியனின் அமைச்சர் அவர். அரசி மங்கையர்க்கரசியாரோடு சேர்ந்து, சோழநாட்டிலிருந்து திருஞானசம்பந்தரை மதுரைக்கு வரவழைத்தவர். ஆள் அனுப்பி, முறைப்படி அழைத்து, எதிர்கொண்டு வரவேற்ற வருகை அது. இந்தப் பகுதியில் வருகிறவர்களை யாரும் அழைக்கவில்லை. பல மாதம் கப்பலில் வந்து நமக்கு எதிர்க்கரையில் இறங்கினார்கள். பள்ளி, மருத்துவமனை, அச்சகம் என்று ஒவ்வொன்றாகத் தொடங்கினார்கள். அதன் விளைவு ஒன்று கடலைத் தாண்டிப் புதுக்கோட்டை வரை வந்து சேர்ந்தது. அந்தக் கதைதான் இது.

முதலில் கடலைப் பார்த்துவிடுவோம். மணமேல்குடிக்கு அருகே தரை கடலுக்குள் நீண்டு முடியும் இடத்தையும் ஊரார் கோடியக்கரை என்றுதான் சொல்கிறார்கள். வேதாரண்யத்துக் கோடியக்கரை வேறு. இங்கிருந்து கிழக்கே, சற்றுத் தெற்காகப் போனால் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டரில் யாழ்ப்பாணத்துத் தீவுகள் வந்துவிடும். ஆழம் குறைந்த, பெரும்பாலும் அலை அடங்கிய கடல். பெரிய கப்பல்களுக்கு ஆகாது. தோணிக்கு இதைவிட நல்ல கடல் கிடையாது. தஞ்சைக் கரையின் நெல் அந்தப் பக்கம் போனதும், யாழ்ப்பாணத்துப் பனைமரச் சட்டங்கள் இந்தப் பக்கம் வந்ததும் இந்தத் தோணிகளில்தான். 1974-ஆம் ஆண்டு இந்தக் கரையின் வாழ்வில் இரண்டு கோடுகள் விழுந்தன. ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்து, அதுவரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த மணமேல்குடிப் பகுதி அதில் சேர்ந்தது. ஜூனில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு நீரிணையின் நடுவே எல்லை வகுத்தன. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் இன்று அந்த இரண்டாவது கோட்டில்தான் சிக்கிக்கொண்டு தவிக்கின்றன. நம் கதை நடந்த காலத்தில் அந்தக் கோடு இல்லை. ஆனால் இரு கரையும் வெவ்வேறு எசமானர்களின் கையில் இருந்தன. மணமேல்குடிப் பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி. யாழ்ப்பாணப் பக்கம் நேராக பிரிட்டிஷ் அரசு. இந்த வேறுபாடுதான் அமெரிக்கர்களை நம் கரைக்கு வரவிடாமல் எதிர்க்கரைக்குத் திருப்பிவிட்டது.

1810-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு சங்கம் உருவானது. அமெரிக்கன் போர்டு என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஊர் ஊராக நன்கொடை திரட்டுவது, பாஸ்டனில் ஒரு குழு கூடி முடிவெடுப்பது, வெளிநாட்டில் இருக்கும் ஊழியர்கள் அனுப்பும் கடிதங்களையும் கணக்கையும் மாதப் பத்திரிகையில் அச்சிட்டு நன்கொடையாளருக்கு அனுப்புவது என எல்லாம் இன்றைய தொண்டு நிறுவனத்தின் நடைமுறைதான். நோக்கம் கிறித்தவ சமயத்தைப் பரப்புவது. அதை அவர்கள் ஒருநாளும் மறைத்ததில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை.

1812 பிப்ரவரியில் அந்தச் சங்கம் அனுப்பிய முதல் இளைஞர்கள் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார்கள். சாமுவேல் நியூவெல் அவர்களில் ஒருவர். கல்கத்தாவில் இறங்கியதுமே கம்பெனி அவர்களை வெளியேறச் சொல்லிவிட்டது. சமயப் பிரசாரம் வியாபாரத்தைக் கெடுக்கும் என்ற பயம் கம்பெனிக்கு எப்போதும் உண்டு. போதாக்குறைக்கு அதே கோடையில் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. நியூவெல் கர்ப்பிணி மனைவி ஹேரியட்டுடன் மொரீஷியஸ் தீவுக்குக் கப்பல் பிடித்தார். வழியில் குழந்தை பிறந்து இறந்தது. நவம்பர் இறுதியில் ஹேரியட்டும் போய்விட்டார். அவருக்கு வயது 19. ஒற்றை ஆளாக நியூவெல் 1813-இல் இலங்கையில் வந்து இறங்கினார். அங்கே கவர்னர் பிரவுன்ரிக் அவரை விரட்டவில்லை. தீவில் தங்கியிருந்த மாதங்களில் நியூவெல் பாஸ்டனுக்கு எழுதிய கடிதங்களின் சாரம் இதுதான்: கம்பெனி நாட்டுக்குள் விடாது, இலங்கையின் வடக்கே தமிழ் பேசும் மக்கள் இருக்கிறார்கள், அங்கே தொடங்கலாம், தமிழ் தெரிந்தால் பின்னாளில் எதிர்ப்பக்கத்து நாடும் திறக்கும்.

அவர் சொன்னபடியே நடந்தது. 1815 அக்டோபரில் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டவர்கள் 1816 மார்ச்சில் கொழும்பு வந்தார்கள். டேனியல் பூர், பெஞ்சமின் மெயிக்ஸ், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், எட்வர்ட் வாரன் நால்வரும் ஆண்டு முடிவதற்குள் யாழ்ப்பாணம் சேர்ந்தார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன பழைய தேவாலயக் கட்டடங்கள் கூரையின்றிப் பாழடைந்து கிடந்தன. அரசாங்கம் அவற்றைக் கொடுத்தது. அங்கேயே குடியேறி, தமிழை எழுத்திலிருந்து கற்கத் தொடங்கினார்கள். 1819-இல் மேலும் நால்வர் வந்தார்கள்: மைரன் வின்சுலோ, லீவை ஸ்போல்டிங், ஹென்றி உட்வர்ட், ஜான் ஸ்கடர். ஸ்கடர் மருத்துவர். பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போன முதல் மருத்துவ மிஷனரி என்று அவரைச் சொல்கிறார்கள்.

இப்படி ஆள் சேர்ந்து வேலை சூடுபிடித்த நேரத்தில்தான் அடி விழுந்தது. 1820-இல் ஜேம்ஸ் காரெட் என்ற இளைஞர் யாழ்ப்பாணம் வந்தார். பாதிரியார் அல்லர், அச்சுத் தொழிலாளர். தமிழில் புத்தகம் அச்சிடலாம் என்று மிஷன் அவருக்காகக் காத்திருந்தது. அதற்குள் பிரவுன்ரிக் ஊர் திரும்பிவிட்டார். நிர்வாகம் எட்வர்ட் பார்ன்ஸ் கையில் இருந்தது. பார்ன்ஸ் ராணுவக்காரர், வாட்டர்லூவில் போரிட்டவர். தன் ஆட்சிக்கு உட்பட்ட மக்களுக்கு வேண்டியதைப் பிரிட்டிஷ் அரசு பார்த்துக்கொள்ளும், அமெரிக்கர் எதற்கு என்பது அவர் கட்சி. காரெட்டைத் தீவைவிட்டு வெளியேறச் சொன்னார். இருக்கிற அமெரிக்கர் இருக்கலாம், இனி ஒருவர்கூடக் கூடாது என்று உத்தரவும் போட்டார். காரெட் பம்பாய்க்குப் போய், அங்கிருந்த அமெரிக்க மிஷன் அச்சகத்தில் 1831-இல் சாகும்வரை வேலை பார்த்தார். அவரிடம் எந்தக் குற்றமும் இல்லை. குடியுரிமை மட்டும் தவறாகப் போயிற்று.

தடை 1833 வரை நீடித்தது. வாரன் ஏற்கெனவே 1818-இல் நோய்வாய்ப்பட்டு கேப் டவுனில் இறந்திருந்தார். ரிச்சர்ட்ஸ் 1822-இல் இறந்தார். மிச்சம் ஆறு பேர். காலராவும் காய்ச்சலும் வீட்டுக்குள் வந்துபோகிற நாட்டில், போனவர் இடத்துக்கு இன்னொருவர் வர முடியாது என்ற நிலையில், பதின்மூன்று ஆண்டுகள் அந்த நிறுவனத்தை ஓட்ட வேண்டும்.

என்ன செய்தார்கள்? 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம், வானியல் கற்பிக்கும் உயர்கல்வி நிலையம். டேனியல் பூர் தலைவர். அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்களுக்கான உறைவிடப் பள்ளி, வின்சுலோவின் மனைவி ஹேரியட் பொறுப்பில். கவர்னரின் தடைதான் இவற்றைப் பிறப்பித்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. கல்லூரி ஆசை அவர்களுக்கு முன்பே இருந்தது. ஆனால் வெள்ளைக்காரர் வரமாட்டார் என்று உறுதியான பிறகு, ஆசிரியராக, மொழிபெயர்ப்பாளராக, வைத்திய உதவியாளராக, பத்திரிகை ஆசிரியராகத் தமிழர்களை ஆக்குவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. பார்ன்ஸ் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. அந்நிய நிறுவனம் ஒன்று உள்ளூர்க்காரர் கைக்குப் போகிற பாதையை அவரே அறியாமல் திறந்துவிட்டார். என் பார்வையில் இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் இதுதான்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் செலவு எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு குடும்பமோ ஒரு ஊர்ப் பெண்கள் சங்கமோ ஆண்டுக்குச் சில டாலர் கொடுத்தால் யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளையின் சாப்பாட்டையும் படிப்பையும் ஏற்றதாகும். கொடுத்தவர் அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் சூட்டலாம். இறந்துபோன தன் மகன் பெயரை ஒரு தாய் சூட்டுவாள்; தங்கள் போதகரின் பெயரை ஒரு சபை சூட்டும். வட்டுக்கோட்டைப் பதிவேடுகளில் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன், ஆர்னால்ட், கரோல், வைமன் என்று வரிசையாக நியூ இங்கிலாந்துப் பெயர்கள் வருவது அதனால்தான். ஆர்னால்ட் என்பவர் சதாசிவம்பிள்ளை. பின்னாளில் ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதியவர். கரோல் என்பவர் விசுவநாதபிள்ளை. வைமன் என்பவர் கதிரைவேற்பிள்ளை. இன்று வெளிநாட்டு அமைப்புகள் ஒரு குழந்தையின் புகைப்படத்தைக் காட்டி மாதச் சந்தா வாங்குகின்றனவே, அதன் மூத்த வடிவம் இது. பெயரை மாற்றுவது சாதாரணக் காரியமில்லை. கொடுக்கிறவர் கை மேலே இருந்தது என்பதற்கு அந்தப் பெயர்களே சாட்சி. அந்தப் பெயரைத் தாங்கிய பிள்ளைகள் பிறகு தமிழுக்குச் செய்தது வேறு கணக்கு.

பஞ்சாங்கச் சண்டை ஒன்றும் நடந்தது. வட்டுக்கோட்டையில் பஞ்சாங்கம் கணித்துவந்த விசுவநாத சாஸ்திரியாரின் கிரகணக் கணக்கையும் தங்கள் கணக்கையும் பூர் 1829 மார்ச்சு சந்திர கிரகணத்தின்போது வெளிப்படையாக ஒப்பிட்டுக் காட்டினார். அறிவியலைச் சமயத்துக்கு வழியமைக்கும் கருவியாக்கும் முயற்சி. மாணவர்கள் அறிவியலை எடுத்துக்கொண்டார்கள். சமயத்தைப் பலர் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டவர்களிலும் சிலர் பின்னால் திருப்பிக் கொடுத்தார்கள்.

1833-இல் இலங்கையில் தடை நீங்கியது. அதே ஆண்டு லண்டனில் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது இந்தியாவின் கதவும் அகலத் திறந்தது. 1834 தொடக்கத்தில் ஸ்போல்டிங் கடல் கடந்து வந்து மதுரையைப் பார்த்துவிட்டுப் போனார். அவ்வாண்டு நடுவில் ஹாய்சிங்டன், டாட் இருவரும், யாழ்ப்பாணத்தில் படித்த தமிழ் உதவியாளர்கள் துணைவர, மதுரையில் குடியேறினார்கள். நியூவெல் எழுதிய எதிர்ப்பக்கத்து நாடு திறக்க இருபத்தொரு ஆண்டு ஆயிற்று. பசுமலைப் பள்ளிகள், 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1948-இல் வந்த லேடி டோக் கல்லூரி எல்லாம் அந்தத் தோணிப் பயணத்தின் தொடர்ச்சி. மதுரையைப் பற்றி அடுத்த பகுதியில் விரிவாகப் பார்க்கலாம். வின்சுலோவும் ஸ்கடரும் 1836-இல் சென்னைக்குப் போனார்கள். ஜோசப் நைட் என்ற ஆங்கிலேயர் தொடங்கிவைத்த சொற்தொகுப்பை வின்சுலோ வளர்த்து, தமிழ்ப் புலவர்களின் துணையோடு 67,000-க்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட தமிழ்–ஆங்கில அகராதியாக 1862-இல் வெளியிட்டார்.

எதிர்க்கரையிலேயே தங்கிவிட்டவர்களில் இரண்டு பேரைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் எலிசா அக்னியூ. 1840-இல் உடுவில் பள்ளிக்கு வந்தார். 1879 வரை அந்தப் பள்ளியை நடத்தினார். 1883-இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். இடையில் ஒருமுறைகூட அமெரிக்கா போகவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்தார்கள். முதலில் படித்தவளின் மகளும், அந்த மகளின் மகளும் அதே ஆசிரியையிடம் படித்த வீடுகள் இருந்தன. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட ஊரில், படித்த பெண்ணைத்தான் மருமகளாகக் கேட்போம் என்கிற நிலை அந்த மூன்று தலைமுறைக்குள் வந்துவிட்டது.

இன்னொருவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 1822-இல் பிறந்தவர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு மானிப்பாயில் மருந்தகம் அமைத்தார். வைத்தியம் பார்த்தபடியே மாணவர்களுக்கு மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். சில ஆண்டுகளில் ஒன்றைக் கவனித்தார். ஆங்கிலத்தில் படித்து முடித்தவர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியே போய்விடுகிறார். மானிப்பாய்ச் சுற்றுவட்டாரத்தில் காலரா வந்தால் பார்க்க ஆள் இல்லை. எதற்காகப் பயிற்சி கொடுத்தோமோ அது நடக்கவில்லை. விடுப்பில் அமெரிக்கா போய் 1862-இல் திரும்பியவர், 1864 முதல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார்.

மாற்றுவது என்றால் புத்தகம் வேண்டும். ஆங்கிலத்தில் அப்போது புழங்கிய நல்ல பாடநூல்களை எடுத்துக்கொண்டார். ஒரு பொருளுக்குத் தமிழில் வழங்கும் பெயர் இருந்தால் அதை வைப்பது, இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் தேடுவது, அதுவும் வாய்க்காவிட்டால் ஆங்கிலப் பெயரையே தமிழ் எழுத்தில் எழுதுவது என்று ஒரு முறை வகுத்தார். நாட்டு வைத்திய நூல்களைத் துழாவினார். மாணவர்களும் பழைய மாணவர்களும் மொழிபெயர்க்க, அவர் வரிவரியாகத் திருத்தினார். அறுவை மருத்துவத்துக்கு ‘இரண வைத்தியம்’ 1867-இல் வந்தது. உடற்கூற்றுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இல். பிறகு ‘கெமிஸ்தம்’, ‘மனுஷ சுகரணம்’. பக்கக் கணக்கில் நாலாயிரத்தைத் தாண்டும். நரம்பும் நாளமும் படம் போட்டு, தமிழில் பெயர் எழுதிய பக்கங்களைப் பார்க்கும்போது, இன்று தமிழில் மருத்துவம் சாத்தியமா என்று மேடைதோறும் நடக்கும் விவாதம் எவ்வளவு பின்தங்கியது என்று தெரிகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே வகுப்பு நடந்து, தேர்வு நடந்து, வைத்தியர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அவர் பயிற்றுவித்தவர்கள் அறுபதுக்கு மேல். அவர்களில் பாதிப்பேர் தமிழிலேயே படித்தவர்கள். மாணவர்கள் கோட்டும் தொப்பியும் போட்டு வெள்ளைக்காரரைப் போலத் திரிவதையும் அவர் விரும்பவில்லை. தமிழராக இருந்து தமிழருக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

1873-இல் உடல் தளர்ந்து வூஸ்டர் திரும்பினார். அங்கே உட்கார்ந்தும் தமிழ்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வரும் படிகளைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். 1884-இல் இறந்தார், அவர் இறந்த பிறகும் அவர் நூல் ஒன்று அச்சேறியது. வூஸ்டரில் உள்ள கல்லறைக் கல், அவரைத் தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று ஒரு வரியில் சொல்கிறது.

அந்தத் தமிழ் வகுப்பு அவருக்குப் பின் நிலைக்கவில்லை. கொழும்பில் 1870-இல் அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. சான்றிதழும் சம்பளமும் அந்தப் பக்கம். ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தால் அரசாங்கத்தின் போக்கை எதிர்த்து நெடுநாள் நிற்க முடியவில்லை. மருத்துவமனை மட்டும் கிறீன் நினைவு மருத்துவமனை என்ற பெயரில் மானிப்பாயில் இன்றும் இயங்குகிறது.

அச்சகத்தின் கதை சற்று மாறுபட்டது. காரெட்டை விரட்டியதால் பதினான்கு ஆண்டு தள்ளிப்போன மிஷன் அச்சகம் 1834-இல் மானிப்பாயில் இயங்கத் தொடங்கியது. 1841 ஜனவரியில் அங்கிருந்து ‘உதயதாரகை’ பத்திரிகை வெளிவந்தது, தமிழிலும் ஆங்கிலத்திலும். ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும். அதாவது, பெயர் மட்டும் அமெரிக்கர் சூட்டியது, ஆட்கள் தமிழர். 1855-இல் பாஸ்டனிலிருந்து ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த ஆய்வுக்குழு, மிஷன் உயர்கல்வியிலும் அச்சிலும் பணத்தைக் கொட்டக்கூடாது, உள்ளூர்ச் சபைகள் தம் காலில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தது. செமினரி மூடப்பட்டது. அச்சகம் உள்ளூர் அச்சுக்காரர் கைக்குப் போனது. கிறீனின் பெரிய நூல்களை அடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். செமினரி மூடப்பட்டதை ஊர் ஏற்கவில்லை. பழைய மாணவர்கள் விடாமல் கேட்டார்கள். தாங்களும் பணம் திரட்டினார்கள். 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி என்ற பெயரில் அதே வட்டுக்கோட்டையில் மீண்டும் கல்வி தொடங்கியது. வந்தவர் மூடியதை இருந்தவர் திறந்தார்கள்.

மாற்றுப் பாதையில் போனவரையும் சொல்லாவிட்டால் கதை அரைகுறை. ஆறுமுக நாவலர் வெஸ்லியன் பாதிரியார் பெர்சிவலிடம் படித்து, அவருடைய விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர். அந்தப் பள்ளி முறையையும் அச்சின் வலிமையையும் உள்ளே இருந்து கற்றுக்கொண்டு, 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். மறு ஆண்டு கடல் கடந்து சென்னைக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கி வந்தார். 1864-இல் சிதம்பரத்திலும் பள்ளி நிறுவினார். மிஷன் பள்ளிகளுக்கு எதிராக நின்ற பள்ளிகள் இவை. மிஷன் பள்ளிகள் இல்லாமல் இவை இந்த வடிவில் வந்திருக்காது என்பதும் உண்மை. ஒரு குறை இருவருக்கும் பொது. வட்டுக்கோட்டையிலும் வண்ணார்பண்ணையிலும் படித்து உயர்ந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளாளர். இரு கரைக்கும் நடுவே தோணி ஓட்டியவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கல்வி போய்ச் சேர வெகுகாலம் ஆயிற்று.

இனிப் புதுக்கோட்டைக்கு வருவோம். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்களில் இருவர், கரோல் விசுவநாதபிள்ளையும் சிறுப்பிட்டி வைரவநாதர் மகன் தாமோதரம்பிள்ளையும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். தாமோதரம்பிள்ளை சென்னையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஏட்டுச்சுவடி தேடத் தொடங்கினார். தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு 1868-இல், வீரசோழியம் 1881-இல், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885-இல் என்று அவர் பதிப்பித்துத் தள்ளினார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் கும்பகோணத்தில் வக்கீலாக இருந்தவரை, 1887-இல் புதுக்கோட்டை சமஸ்தானம் நீதிபதியாக அழைத்துக்கொண்டது. சேஷையா சாஸ்திரி திவானாக இருந்த காலம். 1890 வரை தாமோதரம்பிள்ளை அந்தப் பதவியில் இருந்தார். கலித்தொகையின் முதல் பதிப்பு வந்தது அந்த 1887-இல்தான். 1889-இல் சூளாமணி. பாஸ்டன் நன்கொடையில் கட்டிய வகுப்பறையில் கணிதமும் வானியலும் படித்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, தொண்டைமான் சமஸ்தானத்தில் நீதி வழங்கிக்கொண்டே சங்க நூலை அச்சேற்றினார். மெயிக்ஸும் பூரும் இதற்காக வரவில்லை. ஆனால் நடந்தது இது.

இது ஒருவழிப் பயணம் என்றும் நினைத்துவிட வேண்டாம். அதே காலத்தில் இந்தக் கரையிலிருந்து போனவர்கள் அயல்நாட்டில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். சிங்கப்பூரில் சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம்கள் 1826-இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவினார்கள். 1859-இல் அங்கே நகரத்தார் தண்டாயுதபாணி கோயிலைக் கட்டினார்கள். வெள்ளையர் ஆண்ட அந்நிய ஊரில், நிலம் கேட்டு வாங்கி, தங்களுக்குள் வரி போட்டு, கணக்கு வைத்து நடத்திய அறநிலையங்கள் அவை. வித்தியாசம் ஒன்று உண்டு. நம்மவர் பெரும்பாலும் தம்மவருக்காக நிறுவினார்கள். அமெரிக்கர் பிறருக்காக நிறுவி, பிறரை மாற்றவும் விரும்பினார்கள்.

வெளிநாட்டவர் வந்து நிறுவனம் நடத்தலாமா என்ற 1820-இன் கேள்வி இன்னும் ஓயவில்லை. மதுரை மிஷனுக்கு 1925-இல் வந்த ரால்ஃப் கைதான் என்ற அமெரிக்கர், காந்தியின் பக்கம் சாய்ந்ததற்காக 1930-இலும் 1944-இலும் இரண்டுமுறை பிரிட்டிஷ் அரசால் நாடு கடத்தப்பட்டார். சுதந்திரத்துக்குப் பின் திரும்பி வந்து காந்திகிராமத்திலும் சர்வோதயப் பணியிலும் வாழ்நாளைக் கழித்தார். 1976-இல் வந்து 2010-இல் புதுப்பிக்கப்பட்ட வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் நடைமுறையில், முக்கியப் பொறுப்புகளில் வெளிநாட்டவர் இருக்கும் சங்கத்துக்குப் பொதுவாக அனுமதி கிடைப்பதில்லை. தனி நிலைகளில் விலக்கு உண்டு. அரசுக்குச் சந்தேகம் வருவதில் நியாயமும் இருக்கிறது. பணம் வரும் வழியில் கட்டளையும் வரும் என்பதற்கு ஆர்னால்டும் கரோலும் போதும். ஆனால் காரெட்டை விரட்டியதில் யாருக்கு என்ன லாபம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா 1900-இல் வேலூரில் தொடங்கிய சிறு மருந்தகம் 1918-இல் பெண்கள் மருத்துவப் பள்ளியாயிற்று. நாடு விடுதலை பெற்றதும் அதன் தலைமை ஹில்டா லாசரஸ் என்ற இந்தியரிடம் போயிற்று. வந்தவர் எவ்வளவு சீக்கிரம் நாற்காலியைவிட்டு எழுந்தார், எழும்போது உட்கார ஆள் தயாராக இருந்தாரா என்பதைத்தான் நான் அளவுகோலாக வைப்பேன். அந்த அளவில் வேலூர் தேறும். மானிப்பாய்த் தமிழ் மருத்துவ வகுப்பு தேறவில்லை; அதன் பழி கிறீனுடையது அன்று.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கத்திலும் உள்ளே அறந்தாங்கி, புதுக்கோட்டை வரையிலும் பழைய வைத்தியர் வீடுகளிலும் தமிழாசிரியர் வீடுகளிலும் மானிப்பாயில் அச்சிட்ட நூல்கள் இருக்கக்கூடும். உள்பக்கத்தில் மானிப்பாய் என்று ஊர்ப்பெயரும் ஆயிரத்து எண்ணூறுகளில் ஓர் ஆண்டும் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், யாழ்ப்பாண நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனமும் அத்தகைய நூல்களைப் படியெடுத்துப் பாதுகாக்கின்றன. புத்தகம் உங்களிடமே இருக்கட்டும். படியெடுக்க ஒருமுறை கொடுங்கள்.